இதய நோய், நடைப்பயிற்சி, மூளை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் இதய மறுவாழ்வுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். மாரடைப்பு வந்து மீண்டவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் ஆனவர்கள், பம்பிங் குறைந்தவர்கள் எங்கள் நடைபாதையில் தினமும் நடக்கிறார்கள். அவர்களும், ஓரத்தில் நாற்காலி போட்டுக் காத்திருக்கும் வீட்டாரும் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். இதயத்தைப் பற்றிக் கேட்டால் கொடுப்பதற்குத் துண்டறிக்கை இருக்கிறது. மறதி, மந்தம், கவனக்குறைவு பற்றிக் கேட்டால் கையில் கொடுக்க எதுவும் இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். உங்கள் எக்கோவையும் ஈசிஜியையும் பார்த்து உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால், அவர் சொன்னதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

"எனக்கு இருக்கிறது ஹார்ட் பிரச்சினை. தலைக்கு என்ன வந்துச்சுன்னு மூளையைப் பத்திப் பேசுறீங்க?"

மூளையின் எடை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் 15 முதல் 20 சதவீதம் அதற்குப் போகிறது. நிமிடத்துக்குச் சுமார் முக்கால் லிட்டர். ஆக்சிஜனையும் சர்க்கரையையும் நாளைக்கு என்று சேர்த்து வைத்துக்கொள்ள மூளைக்கு வழி கிடையாது. அது அன்றாடங்காய்ச்சி. இதயம் அனுப்புவதில் குறை வைத்தால் அதற்கு உடனே தெரியும்.

இன்னொன்று, உங்கள் இதயக் குழாயை அடைத்த அதே பிரஷரும் சுகரும் கொலஸ்ட்ராலும் சிகரெட்டும் மூளைக்குள் ஓடும் மெல்லிய குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. அமெரிக்காவில் நடந்த 6 நீண்டகால ஆய்வுகளில் இருந்த சுமார் 30,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2023-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்த சமயத்தில் ஞாபகமும் சிந்தனையும் திடீரென்று சரியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில்தான், மாரடைப்பு வராதவர்களைவிட வேகமாகக் குறைந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கவலையைவிடத் தைரியம்தான் அதிகம் வந்தது. இடையில் நமக்கு அவகாசம் கிடைக்கிறதே.

"மறதின்னு சொல்ல முடியல. பேரு, முகம் எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா பில் போட உட்கார்ந்தா கை ஓடமாட்டேங்குது."

இதைச் சொன்னவர் ஒரு பலசரக்குக் கடைக்காரர். 30 வருடமாக மனக்கணக்கிலேயே பில் போட்டவர். ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட மூளைப் பாதிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். முதலில் குறைவது வேகம். அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிப்பது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்துவது எல்லாம் சிரமமாகும். அல்சைமர் என்ற மறதி நோயில் பொதுவாக ஞாபகம் முதலில் போகும். இதில் ஞாபகம் ஓரளவு நிற்கும், யோசனை மெதுவாகும். அதனால்தான் வீட்டில் "அவருக்கு மறதி எல்லாம் இல்லை, சோம்பேறித்தனம்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே பலர் கடைக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இப்படி ஒரு மாற்றம் தெரிந்தால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சொல்லுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் குறைவு, சரியாகத் தூங்காதது, காது மந்தம் இவற்றாலும் இதே மாதிரி வரலாம். அவற்றைச் சரிசெய்ய முடியும்.

"அப்பாவுக்கு பைபாஸ் ஆகி மூணு மாசம் ஆச்சு. பேப்பரை எடுத்தா ரெண்டு நிமிஷத்துல கீழ வச்சுடறார். மயக்க மருந்து மூளையைக் கெடுத்துடுச்சா?"

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் இடம் தெரியாமல் பேசுவது, ராத்திரியில் குழம்புவது வயதானவர்களிடம் அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் அது தெளிந்துவிடும். நீங்கள் கேட்பது அதற்கப்புறம் தங்குகிற மந்தத்தைப் பற்றி. 2001-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், பைபாஸ் முடிந்து வீட்டுக்குப் போகும்போது 53 சதவீதம் பேருக்குச் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. 6 வாரத்தில் அது 36 சதவீதம், 6 மாதத்தில் 24 சதவீதம். ஆக, 3 மாதத்தில் இன்னும் முழுதாகத் தெளியவில்லை என்றால் அது வழக்கத்துக்கு மாறானது இல்லை. தேறுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

அதே ஆய்வில் 5 வருடம் கழித்துப் பார்த்தபோது எண்ணிக்கை மறுபடி 42 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. அந்தச் செய்தி பலரைப் பயமுறுத்தியது. பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பைபாஸ் செய்துகொள்ளாமல் மருந்தோடு இருந்த இதய நோயாளிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அவர்களுக்கும் அதே அளவு குறைந்திருந்தது. நீண்ட காலத்தில் குறைவதற்கு ஆபரேஷனைவிட, ஏற்கனவே இருக்கிற ரத்தக்குழாய் நோய்தான் காரணம் என்ற பக்கம் இது நம்மைக் கொண்டுபோகிறது. அப்பா கத்திக்குப் போனதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். இன்றைக்கு அவருடைய பிரஷர், சுகர், நடை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பேப்பரை மடக்கி வைத்தால் மிச்சச் செய்தியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அதைப் பற்றி அவரிடம் பேசுங்கள்.

"நடக்கிறது கால். அது எப்படி மூளைக்குப் போய்ச் சேரும்?"

வேகமாக நடக்கும்போது ரத்தம் குழாயின் உள்சுவரை உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலில் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயை விரிய வைக்கிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் குழாய்களின் இளக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். கால் குழாய்க்கு மட்டும் நடப்பதல்ல இது, உடம்பு முழுக்க நடக்கிறது. கூடவே பிரஷர் இறங்கும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும், தூக்கம் வரும். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைப்பு போட உதவுகிற ஒரு புரதம் மூளையில் அதிகமாகச் சுரக்கும்.

2011-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று இதைப் படமெடுத்தே காட்டியது. முதியவர்கள் 120 பேர். ஒரு பாதிப்பேர் வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை வேகநடை. மறுபாதி கை கால் நீட்டும் பயிற்சி மட்டும். ஒரு வருடத்தில் நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ், அதாவது புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் பகுதி, சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் அவர்கள் இதய நோயாளிகள் இல்லை. இதைச் சேர்த்துச் சொல்லாமல் அந்த 2 சதவீதத்தை மட்டும் சொல்வது சரியாகாது.

"அப்ப ஹார்ட் பேஷண்டுக்கு நிரூபிச்சிருக்காங்களா? இல்ல வாட்ஸ்அப்ல வர்ற மாதிரிதானா?"

நியாயமான கேள்வி. இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சியால் இதயத்துக்குக் கிடைக்கும் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டது. இதய மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய 85 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பில், 23,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் இருக்கிறது. இதயத்தால் வரும் மரணம், மறுபடி மாரடைப்பு, மருத்துவமனையில் சேர்வது மூன்றுமே குறைகின்றன.

மூளைக்கான ஆதாரம் அந்த அளவுக்குக் கெட்டியாக இல்லை. இதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சின்னவை, முடிவுகள் கலவையாக வந்திருக்கின்றன. கவனமும் வேகமும் கூடியதாகச் சிலவற்றில் தெரிகிறது, ஞாபகத்தில் அவ்வளவாக மாற்றம் இல்லை. எனக்கு நம்பிக்கை தருவது டியூக் பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆய்வு. 55 வயது தாண்டிய 160 பேர், எல்லோருக்கும் யோசனையில் லேசான குறைவு, கூடவே இதய நோய்க்கான ஆபத்துக் காரணம் ஒன்றாவது இருந்தது. வாரம் 3 நாள் 35 நிமிடம் நடை அல்லது சைக்கிள், 6 மாதம். நடந்தவர்களுக்குத் திட்டமிடும், வரிசைப்படுத்தும் திறன் மேம்பட்டது. உப்பைக் குறைத்து, காய் கனிகளைக் கூட்டிய உணவையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு இன்னும் நன்றாக இருந்தது. கடைக்காரர் இழந்ததாகச் சொன்னது இந்தத் திறனைத்தான்.

"ஸ்டென்ட் வச்சு பத்து நாள் ஆச்சு. வேகமா நடந்தா அது நகர்ந்துடாதா?"

நகராது. பலூனை அதிக அழுத்தத்தில் ஊதி, ஸ்டென்டைக் குழாய்ச் சுவரோடு பதித்துத்தான் வைக்கிறார்கள். பிறகு அதன்மேல் மெல்லிய தோல் மாதிரி வளர்ந்து மூடிக்கொள்ளும். நடையோ, படி ஏறுவதோ, இருமலோ அதை அசைக்காது. ஸ்டென்டுக்கு நிஜமான ஆபத்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது. பல் பிடுங்கப் போன இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று நிறுத்திவிட்டு மறுபடி அடைப்போடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"வீட்ல எல்லாரும் 'சும்மா இருங்க, ரெஸ்ட் எடுங்க'ன்னு சொல்றாங்க. தண்ணி மோந்து குடிக்கக்கூட விடமாட்டேங்கிறாங்க. அது தப்பா?"

பாசம் தப்பில்லை. ஆனால் அந்த ரெஸ்ட் உடம்புக்குச் செய்கிற கெடுதலை வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1950-களின் தொடக்கம் வரை மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருப்பார்கள். சிலருக்குச் சோறுகூட ஊட்டித்தான் விடுவார்கள். 1952-ல் பாஸ்டனில் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரண்டு டாக்டர்கள் நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வெறும் நாற்காலிதான். அதற்கே அன்றைக்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள்.

1966-ல் டல்லஸ் நகரில் 20 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கையில் வைத்துச் சோதித்தார்கள். அவர்கள் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கும் மேல் சரிந்தது. 30 வருடம் கழித்து அதே 5 பேரை மறுபடி அழைத்துச் சோதித்தபோது, 30 வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த 3 வாரப் படுக்கை செய்த சேதம் பெரிதாக இருந்தது. 20 வயதுக்காரருக்கே அப்படி என்றால் 65 வயதில் மாரடைப்பு வந்தவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

படுத்தே இருப்பவருக்கு வெளியாட்கள் முகம் இல்லை, கணக்கு வழக்கு இல்லை, "இன்றைக்கு என்ன காய் வாங்கலாம்" என்ற முடிவுகூட இல்லை. உடம்போடு சேர்ந்து மூளையும் வேலையில்லாமல் கிடக்கிறது. அவர் சொம்பை அவரே எடுத்துக்கொள்ளட்டும். பால் வாங்கி வரட்டும், மீதிச் சில்லறையை எண்ணி வாங்கட்டும். இதை நோயாளியிடம் சொல்வதைவிட வீட்டாரை உட்கார வைத்துச் சொல்வதற்குத்தான் எனக்கு அதிக நேரம் ஆகிறது.

"சரி, எவ்வளவு நடக்கணும்? எவ்வளவு வேகமா?"

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். அது போய்ச் சேர வேண்டிய இடம். புதிதாகத் தொடங்குபவர் 5 அல்லது 10 நிமிடம், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை நடந்தால் போதும். சிரமம் இல்லை என்றால் சில நாளுக்கு ஒரு தடவை 2 நிமிடம் கூட்டலாம். முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுவாக. சட்டென்று நிற்கக் கூடாது.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு: நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் வேகம் வேண்டும். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை வைத்திருக்கிறார்கள். நல்ல பாதை, ஆனால் முதல் நாளே 8 கிலோமீட்டரும் உங்களுக்கு இல்லை.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெளியே போக முடியாத நாளில் மொட்டை மாடியோ, வீட்டுத் தாழ்வாரமோ போதும்.

"வாட்ச்ல 120 வரணும்னு பையன் சொல்றான். எனக்கு 90-ஐத் தாண்டவே மாட்டேங்குது. நான் சரியா நடக்கலையா?"

நீங்கள் சரியாகத்தான் நடக்கிறீர்கள். மெட்டோபிரோலால், பிசோபிரோலால், கார்வெடிலால் மாதிரியான மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏற விடாது, அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். '220-இல் வயதைக் கழி' என்ற கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. டிரெட்மில் டெஸ்ட் செய்து டாக்டர் ஒரு எண் கொடுத்திருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மேலே சொன்ன பேச்சுக் கணக்கு வாட்சைவிட நம்பகமானது.

"பம்பிங் 30 பர்சென்ட்தான்னு சொல்லிட்டாங்க. மிச்சம் 70 போயிடுச்சே, இதுல நடக்கிறதா?"

இந்த எண்ணைக் கேட்டு அழாத குடும்பம் குறைவு. 100-க்கு 30 மதிப்பெண் என்று அர்த்தமில்லை. இதய அறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பதுதான் அது. நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான். 30 குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 70 போய்விடவில்லை.

பம்பிங் 35 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 2,331 பேரை வைத்து அமெரிக்கா, கனடா, பிரான்ஸ் நாடுகளில் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. மேற்பார்வையில் 36 தடவை பயிற்சி, பிறகு வீட்டில் தொடர்ந்தார்கள். பயிற்சி பாதுகாப்பாக இருந்தது, ஓரளவு பலனும் இருந்தது. பெரிய அதிசயம் நடக்கவில்லை. பம்பிங் குறைந்தவர்களிடம் யோசனை மந்தமாவது அடிக்கடி காணப்படுவதால், தலைக்கு ரத்தம் சேர வைக்கும் எந்த வழியையும் நாம் விடக் கூடாது. இவர்கள் முதல் சில வாரமாவது பிசியோதெரபிஸ்ட் பார்வையில் தொடங்குவது நல்லது. தினமும் காலையில் எடை பாருங்கள். 3 நாளில் 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, தலையணை கூட வைத்தால்தான் மூச்சு விட முடிகிறது என்றாலோ நடையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

"யார் நடக்கவே கூடாது?"

சும்மா இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், மேலே சொன்ன மாதிரி நீர் கோத்து மூச்சு வாங்குபவர்கள், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கி மயக்கமோ நெஞ்சுவலியோ வருபவர்கள், கட்டுக்குள் வராத துடிப்புக் கோளாறு இருப்பவர்கள், காய்ச்சலில் இருப்பவர்கள். முதலில் சிகிச்சை, அப்புறம்தான் பயிற்சி.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் நின்றுவிடுங்கள். உட்கார்ந்துகொண்டு, டாக்டர் கொடுத்திருந்தால் நாக்குக்கு அடியில் மாத்திரையை வையுங்கள். நின்றுகொண்டே வைத்தால் பிரஷர் இறங்கி விழுந்துவிடலாம். 5 நிமிடத்தில் விடவில்லை என்றால் 108.

"காலைல அஞ்சு மணில இருந்து நின்னுக்கிட்டேதான் இருக்கேன். வீட்டு வேலை எக்சர்சைஸ் இல்லையா?"

களைப்பு தருகிற வேலைதான். ஆனால் விட்டு விட்டுச் செய்வதால் மூச்சு ஏறும் அளவுக்கு வேகம் வருவது அபூர்வம். மூளைக்கும் இதயத்துக்கும் கூடுதல் பலன் தருவது அந்த வேகம். இதைக் கேட்பவர்கள் எல்லோருமே பெண்கள். எங்கள் பிரிவுக்கு வந்து சேரும் பெண்கள் ஆண்களைவிட மிகக் குறைவு, உலகம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது. வீட்டில் மாரடைப்பு வந்தது அம்மாவுக்கு என்றால், மாலையில் 30 நிமிடம் அவர் அடுப்படியை விட்டு வெளியே வர யார் அந்த வேலையைப் பார்ப்பது என்று குடும்பமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அது முடிவாகாமல் நான் என்ன அட்டவணை எழுதிக் கொடுத்தாலும் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில்தான் தொங்கும்.

"எட்டு போட்டு நடக்கிறேன், யோகாவும் பண்றேன். போதாதா?"

எட்டு போடுவது சின்ன இடத்திலேயே நடக்க உதவும், திரும்பித் திரும்பி நடப்பதால் நிலை தடுமாறாமல் இருக்கப் பழக்கும். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறையும். அதில் 10 நிமிடம், நேர் பாதையில் 20 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

யோகாவைப் பற்றி நம் நாட்டிலேயே பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. இந்தியாவின் 24 மருத்துவமனைகளில் மாரடைப்பு வந்த 3,959 பேர், முடிவு 2020-ல் வெளியானது. யோகாவை அடிப்படையாக வைத்த பயிற்சி எடுத்தவர்கள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் கூடியது. மரணம், மறு மாரடைப்பு போன்றவை குறைந்ததாக உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. யோகா செய்யுங்கள், நடையை விட்டுவிடாதீர்கள். தலைகீழாக நிற்பது, மூச்சை நீண்ட நேரம் அடக்குவது வேண்டாம்.

"எடை தூக்கலாமா?"

தூக்கலாம், மூச்சை அடக்காமல். அரை கிலோ, ஒரு கிலோவில் தொடங்கி வாரம் 2 நாள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலே போதும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 10 தடவை எழுந்து உட்கார்வது தொடைக்கு நல்ல பயிற்சி. பைபாஸ் ஆனவர்களுக்கு மார்பெலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடமோ, பேரக்குழந்தையோ தூக்க வேண்டாம்.

"நாடி தாறுமாறா துடிக்குதுன்னு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்காங்க. நடந்தா ஆபத்தா?"

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். பக்கவாத ஆபத்தை இது சுமார் 5 மடங்கு கூட்டும். பக்கவாதம் வராதவர்களுக்கும் நாளடைவில் அறிவுத்திறன் குறைய இது ஒரு காரணம். அதனால் மூளையைக் காப்பதில் அந்த மாத்திரைக்குத்தான் முதல் இடம், நடைக்கு இரண்டாவது. துடிப்பு வேகம் கட்டுக்குள் இருந்தால் மிதமான நடை நல்லது. கை வாட்ச் காட்டும் எண்ணை இந்த நோயில் நம்ப முடியாது, பேச்சுக் கணக்கே போதும்.

வழுக்கும் இடம், தெருநாய் துரத்தும் இடம் வேண்டாம். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லை, ரத்தம் வரவில்லை என்றாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உள்ளே கசிந்து பல மணி நேரம் கழித்துத் தெரியலாம்.

"நடக்கும்போது தலை கிறுகிறுன்னு வருது. மூளைக்கு ரத்தம் போகலையா?"

சில சமயம் அதுவேதான். பிரஷர் மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்ந்து, வெயிலும் கூடினால், பிரஷர் இறங்கித் தலை சுற்றும். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். உட்கார்ந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பிரஷர் பார்த்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்றட்டும், நீங்களே நிறுத்த வேண்டாம்.

சுகர் உள்ளவர்கள், அதிலும் இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்கள், நடப்பதற்கு முன் சுகர் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாட்ச் கேள்வியில் சொன்ன மாத்திரைகள், சுகர் இறங்கும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் எச்சரிக்கையாக வரும். சட்டைப்பையில் 2 கடலை மிட்டாயைவிட குளுக்கோஸ் பொட்டலம் நல்லது, சீக்கிரம் ஏறும்.

"கொலஸ்ட்ரால் மாத்திரையாலதான் மறதின்னு யூடியூப்ல பார்த்தேன். நிறுத்திட்டு நடந்தே சரி பண்ணிடலாம்னு இருக்கேன்."

தயவுசெய்து வேண்டாம். மிகச் சிலருக்கு லேசான குழப்பம் வரலாம், நிறுத்தினால் சரியாகிவிடும் என்று 2012-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை சேர்த்தது உண்மை. அங்கிருந்துதான் அந்த வீடியோக்கள் கிளம்புகின்றன. 20,536 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வில், சிம்வாஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுத்தவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. டிமென்ஷியாவுக்கு, அதாவது ஞாபகமும் அறிவுத்திறனும் சிதையும் நோய்க்கு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்டபோது, நடுவயதில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடியிருப்பதைப் புதிதாகச் சேர்த்தது. உடலுழைப்பு இல்லாததும் அதே பட்டியலில் இருக்கிறது. நடை மாத்திரையின் கூட்டாளி, அதற்கு மாற்று ஆகாது. மாத்திரை தொடங்கியதும் மறதி வந்தது என்று உங்களுக்கே தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள், வேறு வகை மாற்றித் தருவார்.

"நடக்கணும்னு தெரியுது. எந்திரிக்க மனசு வரல."

மாரடைப்புக்குப் பிறகு சுமார் 5 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. சோம்பல் என்று திட்டி அதைச் சரிசெய்ய முடியாது. யோசனை மந்தமாக இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மனச்சோர்வு இருந்த இதய நோயாளிகளை வைத்து 2012-ல் வெளியான ஆய்வில், 4 மாத உடற்பயிற்சி, மனச்சோர்வு மாத்திரை அளவுக்கே பலன் தந்தது. ஆனால் அங்கே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் நடக்க வைக்க ஆள் இருந்தார்கள். தனியாக எழுந்து போ என்று சொன்னால் நடக்காது. கூட ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். தெப்பக்குளத்தை ஒரு சுற்று, முடியாவிட்டால் தெருமுனை வரை. 2 வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் டாக்டரிடம் மனதைப் பற்றியும் சொல்லுங்கள், மாத்திரை வேண்டியிருக்கலாம்.

"எங்க ஊர்ல இந்த மாதிரி பிரிவே இல்லையே?"

பெரும்பாலான ஊர்களில் இல்லைதான். மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன்பே எவ்வளவு நடக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

"அத்தைக்கு டிமென்ஷியான்னு சொல்லிட்டாங்க, ஹார்ட்டும் வீக். இனிமே நடந்து என்ன ஆகப்போகுது?"

டிமென்ஷியா வந்த பிறகு உடற்பயிற்சி அதை மெதுவாக்குமா என்று பிரிட்டனில் 494 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது. உடல் வலு கூடியது, அறிவுத்திறன் சரிவது குறையவில்லை. அதனால் அத்தையின் ஞாபகம் நடையால் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன். கடினமான பயிற்சிகளும் அவருக்கு வேண்டாம்.

ஆனால் தினமும் கொஞ்சம் நடப்பவர் கழிப்பறைக்குத் தானே போவார். விழுவது குறையும், ராத்திரித் தூக்கம் வரும். பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் அது பெரிய ஆறுதல். அதே நேரம், அதே பாதை, கையைப் பிடித்துக்கொண்டு. கோவில் பிராகாரம் பழகிய இடம் என்றால் அங்கேயே. அவர் சட்டையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

"நடந்துட்டு வந்தப்ப பேச்சு குழறுச்சு, கை மரத்துப்போச்சு. பத்து நிமிஷத்துல சரியாயிடுச்சு. மறுநாள் நடக்கலாமா?"

இதை என்னிடம் மறுநாள் வந்து கேட்டார்கள். அன்றைக்கே, அந்த 10 நிமிடத்திலேயே 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். சரியாகிவிட்டாலும் அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பு. அடுத்த சில நாட்களில்தான் பெரிய பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகம். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூளைக் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாயில் தண்ணீரோ மாத்திரையோ போடாதீர்கள்.

ஸ்கேன் எடுத்து, காரணம் கண்டுபிடித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மறுபடி நடக்கலாம். விட்ட தூரத்திலிருந்து தொடங்க வேண்டாம். முதல் வாரத்தில் நடந்த அந்த 5 நிமிடத்திலிருந்து, கூட ஒரு ஆளோடு.